வலது பக்கத்தில் மட்டும் கீறல்

அன்பு மகள் பட்டாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். கடிதம் வீட்டு விலாசத்துக்கு வராமல் நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசுக்கு ஏன் வந்தது என்று யோசிப்பாய். வேண்டுமென்றுதான் அனுப்பினேன். பக்கத்தில் யாராவது இருந்தால் இப்போதே மடித்து மேஜை டிராயரில் வைத்துவிடு, எல்லாரும் சாப்பிடப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு படி. வீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ பார்த்து மிரள்கிறார் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொன்னதை மட்டும் கேள்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாள், கேட்டால் டாக்டர் வந்து காயப்போடுவாரா என்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வர்றேன் என்று சொல்லி இன்றோடு பதினோரு நாள். என் காது இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷம் பாலிஷ் மெஷினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி, வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பாதி இருக்கிறது. போனில் நீ பேசுவது சரியாகக் கேட்காது என்பதற்காக எனக்கென்று உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாயே, இந்தக் காலத்தில் எந்த மகள் எழுதுவாள், ஒவ்வொரு கடிதம் வரும்போதும் அம்மாவிடம் காட்டி நாலு நாளைக்கு வம்பு செய்வேன். இந்தத் தடவை வந்த எட்டுப் பக்கத்தை அவளிடம் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள், கார் பாலிஷ் பற்றிக் கேட்டிருக்கிறாள், உனக்குப் புரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை, பாதி உண்மை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றதும் புரியும். மாப்பிள்ளையின் நீலக் காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது, கடையில் கொடுத்தால் இன்னும் கெடுத்துவிடுவார்கள், உங்க அப்பா பாலிஷ்காரர்தானே, கேட்டு நீயே போட்டுடு என்று அவர் சொன்னதாகவும், முதல் தடவை செய்கிறவளுக்கு எந்த பாலிஷ் நல்லது, அதைத் தொட்டுத் தேய்க்கிற பேட் எது நல்லது என்றும் கேட்டிருந்தாய். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கீறலை யாராலும் அழிக்க முடியாது. கீறல் ஒரு பள்ளம், அதைச் சுற்றி இருக்கிற மேட்டை நாம் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம், அவ்வளவுதான் இந்தத் தொழில். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள், அது காகிதத்தை விடக் கனம் குறைவு. அதைத்தான் சுரண்டுகிறோம். அதிகம் சுரண்டினால் திரும்ப வராது, ஆகவே ஆழம் தெரியாமல் காலை விடாதே. கடைக்குப் போனால் காம்பவுண்ட் என்று கெட்டியாக ஒன்றை எடுத்து நீட்டுவான், சீக்கிரம் முடியும் என்பான், வேண்டாம் என்று சொல். இருப்பதிலேயே மென்மையான பாலிஷ் எது என்று கேட்டு வாங்கு, கீறலையும் எடுத்துப் பளபளப்பும் ஒரே கையில் கொடுக்கிற பாலிஷ் இருக்கிறது, புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுதான் தோது. எண்ணெய் கலந்து கீறலை மூடி மறைக்கிற பாலிஷும் விற்கிறார்கள், போட்ட அன்றைக்குப் புது வண்டி மாதிரி இருக்கும், நாலு தடவை கழுவினால் எல்லாக் கீறலும் திரும்பி வந்து பல்லை இளிக்கும், அந்தப் பக்கமே போகாதே.

பேட் விஷயத்தில் நிறத்தைப் பார்த்து ஏமாறாதே, ஒரு கம்பெனியில் மஞ்சள் முரடு, இன்னொரு கம்பெனியில் மஞ்சள் மெது. கட்டைவிரலால் அழுத்திப் பார், பஞ்சு மாதிரி அமுங்கி மெதுவாக எழும்பினால் அது மெது ஃபோம், அதுதான் உனக்கு. கம்பளி பேட் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, அது வெறிபிடித்த சாமான், வேகமாகச் சுரண்டும், தெரியாதவன் கையில் கொடுத்தால் ஒரு கீறலை எடுத்து நூறு கீறல் போடும். மெஷின் வாங்கினால் ஆடிக்கொண்டே சுற்றுகிற ரகம் வாங்கு, ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது ஒரு நிமிஷத்தில் பெயிண்டைப் பொசுக்கிவிடும். ஒரு பேட் போதாது, நாலு வேண்டும், அழுக்கான பேடால் தேய்ப்பது மணலால் தேய்ப்பதற்குச் சமம். வண்டியை நன்றாகக் கழுவு, நிழலில் நிறுத்து, தகரம் சூடு ஆறியிருக்க வேண்டும், விளிம்புகளில் எல்லாம் டேப் ஒட்டு. பேடில் நாலு சொட்டு, ஒவ்வொன்றும் உன் பெயர் அளவுக்குத்தான், அதற்கு மேல் வேண்டாம். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை, மெதுவாக. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொட வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

இதெல்லாம் மற்ற எந்த வண்டிக்கும் சரி. அந்த நீலக் காருக்கு இதில் எதையும் செய்யாதே பட்டாணி. நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் ஜன்னல் பக்கம் வைத்துப் பூதக்கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். காரை நண்பர் வாட்டர் வாஷ் கடையில் விட்டார், அங்கே மெஷின் பிரஷ் கீறிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறாய். மெஷின் பிரஷுக்கு ஓரவஞ்சனை கிடையாது, அது இடது வலது பார்க்காது, கூரை, கதவு, பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் கீறும். உன் போட்டோவில் வலது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டரிலும் பானெட்டின் வலது பாதியிலும் மட்டும்தான் கீறல். இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வட்டங்களும் பிரஷ் போட்டவை இல்லை, கம்பளி பேடால் யாரோ அவசர அவசரமாகத் தேய்த்துவிட்டு, மெது பேடால் முடிக்காமல் விட்ட அடையாளம், என் கடையில் அப்படி முடித்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துவேன். விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, அது பாலிஷ் தூசி. கண்ணாடி ஓரத்துக் கறுப்பு ரப்பரில் நூல் பிடித்தமாதிரி ஒரு நீலக் கோடு ஓடுகிறது, பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டின டேப் சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் விழும். எல்லாவற்றையும் விட முக்கியம் முன்விளக்கு. ஏழு வருஷக் கார், இடது விளக்கு மஞ்சள் பூத்திருக்கிறது, வலது விளக்கு தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது. நீ சிரித்துக்கொண்டே அதன்மேல் கை வைத்து நிற்கிறாய்.

இவ்வளவும் பார்த்தபோதுகூட நான் நினைத்தது வேறு. எங்கேயோ கம்பத்தில் இடித்திருப்பார், பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டு மூடியிருப்பார், ஆம்பளைகள் எல்லாரும் செய்கிறதுதானே என்று சிரித்துக்கொண்டுதான் உன் கடிதத்தை இரண்டாம் தடவை எடுத்தேன். அப்போதுதான் இரண்டாம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் சேர்த்துப் படித்தேன். நீ சேர்த்து எழுதவில்லை, உனக்குச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் உங்கள் பள்ளிக்கூட வாசலில் காவல் இருக்கிற அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை விடியற்காலை கேட்டைத் திறக்க சைக்கிளில் வந்துகொண்டிருந்தவளைத் தண்ணீர்த் தொட்டி வளைவில் ஏதோ ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, இடுப்பும் காலும் போய்விட்டது, இன்னும் கண் திறக்கவில்லை, நீங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் முறை வைத்து ஆஸ்பத்திரியில் உட்காருகிறீர்கள், போலீஸ் கையில் இருப்பது விளக்கு மூடியின் உடைந்த துண்டு ஒன்றுதான் என்று. ஆறாம் பக்கத்தில் மாப்பிள்ளை பற்றி. திங்கட்கிழமை விற்பனை வேலையாகக் காரில் வெளியூர் போனவர் செவ்வாய் காலை வரவேண்டியவர், புதன்கிழமை பஸ்சில் வந்தார், பேட்டரி போய்விட்டது, காரை நண்பர் வீட்டில் விட்டேன் என்றார், பாவம் களைத்துப்போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார், ஒன்பது நாள் கழித்துத்தான் கார் வந்தது என்று எழுதியிருக்கிறாய். மூன்று பக்கம் நடுவில் இருந்ததால் உனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் அதே செவ்வாய்க்கிழமை.

அதைவிட என்னைத் தூங்கவிடாத வரி ஒன்று இருக்கிறது. அவர் தினமும் சாயங்காலம் அந்த அக்கா எப்படி இருக்கிறாள், கண் திறந்தாளா, ஏதாவது பேசினாளா என்று என்னிடம் கேட்காமல் இருக்கமாட்டார் அப்பா, முன்பின் பார்க்காத ஒருத்திமேல் எவ்வளவு இரக்கம் பாருங்கள், ஒருநாள் தானே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எழுதி, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறாய். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். நான் தப்பாகவே நினைக்கிறேன் என்று வைத்துக்கொள், அப்படி இருந்தால் ஊரைக் கூட்டி என் வாயில் அடித்துக்கொள்கிறேன், ஆனால் அதுவரைக்கும் மாப்பிள்ளையை அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் தனியாக விடாதே.

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு போட்டோவை வைத்து இப்படியெல்லாம் சொல்ல இந்தக் கிழவனுக்கு என்ன யோக்கியதை என்று உனக்குக் கோபம் வரலாம். யோக்கியதை இல்லை, அதனால்தான் சொல்கிறேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன், படித்தபிறகு என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம். உனக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொடுத்த டெய்லர் நினைவிருக்கிறதா, நீ கேட்டாய் என்பதற்காகப் பாவாடைக்குள் ஒரு ரகசியப் பை வைத்துத் தைத்துக் கொடுப்பாரே, அவரேதான். அந்த வருஷம் ஒருநாள் என் கடைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓனர் எனக்கு நெடுநாள் வாடிக்கை, மாதம் தவறாமல் வண்டி அனுப்புகிறவர், உன் பிறந்தநாளுக்கு உன் உயரத்துக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு வந்தவர். முன் பம்பரில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு இழுத்திருந்தது. ஒரு கேட்டில் உரசிடுச்சு, சீக்கிரம் எடுத்துடுங்க, இன்னைக்கே வேணும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். புது வெள்ளை பேட் போட்டேன், முதல் சுற்றிலேயே பேட் சிவப்பாகிவிட்டது. அது கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை, ஸ்கூட்டர் பெயிண்ட், எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. தெரிந்தும் தேய்த்தேன். முடித்துவிட்டுப் பேடைக் குழாயடியில் கழுவினேன், சிவப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறவரைக்கும் நின்று பார்த்தேன்.

டெய்லரைக் கார் அடித்த செய்தி அன்று சாயங்காலமே தெருவுக்கு வந்துவிட்டது, அவருடைய சிவப்பு ஸ்கூட்டர் முறுக்கின துணி மாதிரிக் கிடந்ததாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் இரண்டு போலீஸ்காரர்கள் கடை கடையாக வந்தார்கள், வெள்ளைக் கார் ஏதாவது வேலைக்கு வந்ததா என்று கேட்டார்கள். வரலைங்க என்றேன். ஒரே ஒரு வார்த்தை. இவ்வளவு நாளாக இருக்கிற பழக்கம், அவர் வேண்டுமென்றா செய்திருப்பார், நாம் ஏன் நடுவில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டெய்லர் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து போனார். யார் அடித்தது என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது, அந்த வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி அந்த மெஷினிலேயே தைக்கக் கற்றுக்கொண்டாள், ஏழாம் வகுப்பிலிருந்து உன் யூனிஃபார்ம் அவள் தைத்ததுதான், அளவு கொடுக்க உன்னை அம்மாதான் கூட்டிக்கொண்டு போவாள், நான் ஒருநாளும் வரமாட்டேன். அப்பா ஏன் டெய்லர் ஆன்ட்டி வீட்டுக்கு வரமாட்டேங்கிறாரு என்று நீ கேட்டாய், எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேன். என் வேலை அதுதான், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. இருபத்திரண்டு வருஷமாகிறது, இன்னும் குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் கண்ணில் ஓடுகிறது. அந்தக் கை உனக்கு வரக் கூடாது பட்டாணி. ஒரு பக்கம் முறை வைத்து அந்த அக்கா பக்கத்தில் உட்காருகிற உன் கையாலேயே, மறுபக்கம் அவளை அடித்த அடையாளத்தைத் தேய்த்து எடுக்க வைக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவரும் தேய்க்காமல், கடையிலும் கொடுக்காமல், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மனுஷன் உன் கையில் பாலிஷைக் கொடுக்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா.

ஆனாலும் வெறும் சந்தேகத்தில் ஒரு குடும்பத்தைக் கலைக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். அதனால் இந்தக் கவருக்குள் இரண்டு சின்ன வெள்ளை பேடும், ஒரு சின்ன டப்பியில் மென்மையான பாலிஷும் வைத்திருக்கிறேன். கம்பெனியில் அடித்த பெயிண்டில் நிறம் கீழே இருக்கும், கிளியர் கோட் மேலே மூடியிருக்கும், ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் பேடில் நிறம் ஏறாது, வெள்ளையாகவே இருக்கும். அவசரத்தில் மேலே அடித்த மலிவுப் பெயிண்டில் கிளியர் கோட் இருக்காது, தேய்த்தால் நிறம் அப்படியே பேடில் வரும். அவர் இல்லாத நேரம் பார்த்து, முதல் பேடில் பட்டாணி அளவு பாலிஷ் வைத்து இடது ஃபெண்டரில் உள்ளங்கை அகலத்துக்குக் கையாலேயே பத்துச் சுற்று தேய். இரண்டாவது பேடால் வலது ஃபெண்டரில் அதேபோல் பத்துச் சுற்று. பதினொன்றாவது சுற்று வேண்டாம். இரண்டும் வெள்ளையாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு, மேலே கிளியர் கோட் அடிக்கிற அளவுக்குக் கெட்டிக்காரன் எவனாவது வேலை செய்திருந்தால் அப்படியும் வெள்ளையாக இருக்கலாம், ஆனால் கம்பளி பேடால் அப்படித் தேய்த்து விட்டவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. வலது பேட் மட்டும் நீலமானால் அதைக் கழுவாதே. நான் செய்த தப்பு அதுதான். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்தில் வை. பெயிண்ட் அடித்தது ஒன்றும் குற்றமில்லை, ஆனால் இந்த வாட்டர் வாஷ் கீறலுக்கு முன்னால் நாலு வருஷமாக இந்தக் காரில் ஒரு கீறல் பட்டதில்லை என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

போனில் எதையும் பேசாதே, நீ எங்களோடு பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், முன்பெல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. பேட் வெள்ளையாக இருந்தால் அப்பா பேட் சரியாக இருக்கிறது என்று சொல். நீலமானால் அப்பா பேட் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டில் எது வந்தாலும் அழாதே, குரல் மாறாமல் பேசு, உன் அம்மா மாதிரி நீ கெட்டிக்காரி. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த அக்காவின் கையை என் சார்பாகவும் ஒரு தடவை பிடித்துக்கொள். நீ நூறு வருஷம் நிம்மதியாக இருக்க வேண்டும், உன் மனசில் ஒரு கீறல் விழாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த அப்பாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. பேடைக் கழுவாதே என்று சொன்னதை மறந்துவிடாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு. மறுநாள் காலை எழுதுகிறேன். கவரை ஒட்டப் பசையை எடுக்கும்போது போன் அடித்தது, அம்மா எடுத்து மாப்பிள்ளை என்று வாயெல்லாம் பல்லாக என்னிடம் நீட்டினாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் தானாக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. உடம்பு எப்படி இருக்கு மாமா, அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு என்று தேன் ஒழுக விசாரித்துவிட்டு, அவ உங்களுக்கு லெட்டர் ஏதும் போட்டாளா என்று கேட்டார். இன்னும் வரல மாப்பிள்ளை, தபால்காரன் சோம்பேறி என்று சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு சந்தேகம் மாமா, ஒரு வண்டியில ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சிருந்தா, நல்லா பாலிஷ் போட்டப்புறமும் யாராவது பார்த்துக் கண்டுபிடிச்சிட முடியுமா என்று கேட்டார். போனை இடது காதில் அழுத்திப் பிடித்திருந்தேன், முதல் தடவையே எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. இருந்தாலும் காது கேட்கவில்லை மாப்பிள்ளை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் சொன்னார். இன்னும் சத்தமாக என்றேன். மூன்றாவது தடவை அவர் கத்தியதில் சமையலறையில் இருந்த அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

கைதேர்ந்தவன் போட்டால் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். அப்போ நீங்களே வந்து போட்டுக் கொடுத்துடுங்க மாமா, அவளுக்குச் சரியா வராது, வெளியாளுங்களையும் நம்ப முடியாது, நம்ம குடும்பத்து விஷயம் பாருங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதுக்கு முந்தி வந்தா நல்லது என்றும் சொன்னார். வர்றேன் மாப்பிள்ளை என்றேன். வெள்ளைக் கார்க்காரரிடமும் இதே மாதிரி ஒரே பேச்சில்தான் சரி என்றேன்.

அதனால் இனிமேல் உனக்குச் சோதனை வேண்டாம், பேட் இரண்டையும் பாலிஷையும் கவரிலிருந்து எடுத்துவிட்டேன், நீ அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். கடிதத்தை அவசரத் தபாலில் போடுகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறேன். மெஷின் பையைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன், அவர் பார்த்தால் பாலிஷ் போட வந்திருக்கிறேன் என்றே நினைக்கட்டும், ஆனால் பைக்குள் மெஷின் இருக்காது, நீ எழுதிய எட்டுப் பக்கமும் மூன்று போட்டோவும்தான் இருக்கும். இறங்கியதும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகப் போகிறேன், அன்றைக்கு என் கடை வாசலில் நின்று கேட்டவர்களுக்குச் சொல்லாததையும் அங்கேயே சொல்லிவிடப் போகிறேன். என்னோடு வா என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன், அவர் உன் புருஷன், நீதான் அவரோடு வாழ்கிறாய், நீ எதைச் செய்தாலும் எனக்குக் கோபம் வராது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாமல் இருப்பதும் உன் இஷ்டம். பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், நீ மட்டும் நிற்கிறாயா, அவரும் உன்னோடு நிற்கிறாரா என்று.